வெறும் வானத்தில் நான்கு

வானியல் ஆய்வு நிலைய இயக்குநரின் கோட்பாட்டுக்கு இருபத்திரண்டு வயது. அவர் நாற்காலியில் இருக்கும்வரை அதற்கு ஆயுசு கெட்டி என்று எல்லோருக்கும் தெரியும். விசித்திரமாக வெடிக்கும் விண்மீனுக்குப் பக்கத்தில் ஒரு துணை விண்மீன் இருந்து, தன் வாயுவை ஊட்டி ஊட்டியே அதை வெடிக்கவைக்கிறது என்பது அவர் கட்சி. அப்படியானால் சிந்திய வாயுவில் வெடிப்பு மோதி எக்ஸ் கதிர் கொட்ட வேண்டும். அண்மையில் அப்படி வெடித்த ஒரு விண்மீனிலிருந்து விண்வெளித் தொலைநோக்கியில் நானூறு கதிர்த் துகளாவது வரும் என்று அவரே அடித்துச் சொல்லியிருந்தார்.

வந்தது மூன்று.

'துணை விண்மீன் இங்கே இல்லை' என்று எழுதிய அறிக்கையோடு ஆய்வாளர் அவர் மேசைக்கு எதிரே நின்றாள். ஆய்விதழுக்கு அனுப்ப அன்றுதான் கடைசி நாள்; ஐந்து மணிக்குள் கையெழுத்து விழாவிட்டால் அவளுடைய மூன்று வருட உழைப்பு குப்பைக்கூடைக்குத்தான்.

"அதான் மூணு வந்திருக்கேம்மா?"

"வெறும் வானத்தைப் பார்த்தாலே அவ்வளவு வரும் சார்."

"எங்க, காட்டு பார்ப்போம்."

தொலைநோக்கி எடுத்த அதே படத்தின் ஓரத்தில், ஒன்றுமில்லாத இருட்டில், விண்மீனைச் சுற்றிப் போட்ட அதே அளவு வட்டம் போட்டு எண்ணிக் காட்டினாள். நான்கு இருந்தன.

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினார். நான்கேதான். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பார்த்தியா! இங்க மூணு, அங்க நாலு. வெடிச்ச வேகத்துல என் துணை நட்சத்திரம் அங்க ஓடிப்போயிருக்கு!"

அது ஒளியையே தோற்கடிக்கும் ஓட்டம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நமநமத்தது. மணி ஐந்தாக நான்கு நிமிடம் இருந்தது.

"ஓடித்தான் போயிருக்கும் சார். இங்க இல்லைன்னுதானே நானும் எழுதியிருக்கேன்" என்று பேனாவை நீட்டினாள்.

கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது.