வீரணன் வீட்டுக் கல்

தேவாரம் ஊரிலிருந்து மலைக்கு ஏறும் மெட்டுப் பாதையில் பாதி ஏற்றத்திலேயே கருத்தம்மாளின் பிடரி விண்விண்ணென்று தெறித்தது. தலையில் சும்மாடு, அதன்மேல் முழு அரிசி மூட்டை. பெண்களுக்கு எப்போதும் அரை மூட்டைதான். மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு அப்படிச் சுமந்தே பன்னிரண்டு வருஷம் ஓட்டியவள் அவள். சண்டை தொடங்கி, வெள்ளைக்காரன் ஊருக்கு ஊர் பட்டாளத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த அந்த வருஷம், தோட்டத்துக் கணக்குப்பிள்ளை சுயம்புலிங்கம் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"கழுதை வாங்கியாச்சு. அரைச்சுமையை இனிமே அது சுமக்கும். முழுச்சுமைக்காரனுக்குத்தான் வேலை."

"அப்ப நானும் முழுச்சுமை சுமக்கேன்," என்றாள் கருத்தம்மாள்.

அவருக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. "மத்தியான மணி அடிக்குமுன்ன ஸ்டோருக்குக் கொண்டாந்து சேரு. பேரை எழுதுறேன்."

சிரிக்கட்டும், சிரித்த வாயை மூடவைக்காமல் விடுவதா? அவள் தோற்றால் அவள் பிழைப்பு மட்டுமா போகும்? அவளைப்போல அரைச்சுமை சுமந்த மாயக்காள் முதலாக ஒன்பது பெண்கள் அடிவாரத்தில் காத்துக் கிடந்தார்கள்.

மூட்டையைத் தரையில் போட்டால் கதை முடிந்தது. மறுபடி தலைக்கு ஏற்ற ஆள் வேண்டும். எந்த ஆம்பிளை கைகொடுப்பான்? வழியில் இருப்பது ஒரே ஒரு சுமைதாங்கிக் கல். நெஞ்சுக்கு மேல் உயரத்தில் குறுக்கே கிடக்கும் அதில், நின்றவாக்கில் சுமையை வைக்கலாம், நின்றவாக்கிலேயே தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பின்னால் ஒரு சுமை வந்தால், முன்னால் வைத்தவன் எடுத்துக்கொண்டு நடந்துவிட வேண்டும். மெட்டு ஏறுகிற ஒருவரும் மீறாத வழக்கம் அது.

அன்றைக்கு மீறினார்கள். முழுச்சுமைக்காரர்களான வீரணனும் பால்பாண்டியும் தங்கள் மூட்டைகளால் கல்லில் பாதியை அடைத்திருந்தார்கள். மிச்சப் பாதியில் வீரணன் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான், எடுபட்ட பயல்.

"எந்திரி வீரணா, சுமையை வைக்கணும்."

"எந்திரிக்கலைன்னா? இது எங்க வீட்டுக் கல்லு, அக்கா. எங்கய்யா நட்டது."

பால்பாண்டி கெக்கலித்தான். கருத்தம்மாளுக்குக் கண் இருட்டியது. அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

"ஒங்கய்யாதான் நட்டாக. ஊருக்கே தெரியும். யாருக்கு நட்டாக? அதைச் சொல்லு."

வீரணனின் கால் ஆட்டம் நின்றது.

"நீ சொல்ல மாட்ட, நான் சொல்றேன். ஒனக்கு அப்ப ரெண்டு வயசு. ஒங்காத்தா வயித்துச் சுமையை இறக்க முடியாமச் செத்துச்சு. அந்த உசிரு ஆறட்டும்னு, போறவுக வாறவுக சுமை இறக்க நட்ட கல்லு இது. அதுமேல உக்காந்துக்கிட்டு ஒரு பொம்பளையை இறக்க விடமாட்டேங்குற. நல்ல பிள்ளைதான் பெத்துருக்கு."

வீரணன் குதித்து இறங்கினான். தன் மூட்டையை இழுத்துத் தரையில் தள்ளினான். பால்பாண்டியும் தன் மூட்டையைக் கல்லைவிட்டு எடுத்தான்.

கருத்தம்மாள் சுமையைக் கல்லில் வைத்தாள். மூச்சு தணியும் மட்டும் அவசரமில்லாமல் நின்றாள். பிறகு குனிந்து தலையைக் கொடுத்தாள்.

"தூக்கிவிடட்டுமாக்கா?" என்றான் வீரணன், தரையைப் பார்த்தபடி.

"கல்லு இருக்கையில கை எதுக்கு?"

ஸ்டோர் வாசலை அவள் மிதித்தபோது மணி இன்னும் அடிக்கவில்லை. சுயம்புலிங்கம் எழுந்தேவிட்டார்.

"சரி ஆத்தா, மூட்டையை இறக்கு. பேரைப் பொறவு எழுதிக்கலாம்."

"எழுதுங்க. பொறவு இறக்குறேன்."

மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. அவள் அசையவில்லை. தோட்டத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். கணக்குப்பிள்ளை நோட்டைத் திறந்து கிறுக்கினார்.

"எழுதியாச்சு."

"எனக்கு எழுத்து தெரியாது. வாசிங்க."

"கருத்தம்மாள், முழுச்சுமை."

"அதுக்குக் கீழ மாயக்காள் பேரை எழுதுங்க. நாளைக்கு அவ வாரா."

"அவளால இம்புட்டுச் சுமந்து வர முடியுமாக்கும்?"

"வழியில கல்லு காலியாத்தான் கெடக்கு," என்று சொல்லிவிட்டு, கருத்தம்மாள் மூட்டையை இறக்கினாள்.