கன்னிக்கு வைத்த கவுன்

என் மூத்த மகள் கிருஷ்ணகுமாரி டெங்குக் காய்ச்சலில் போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படைக்க வேண்டும். படைத்த துணியை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொண்டு வந்து நிற்பாள். அந்த நேரம் எதைக் கேட்டாலும் கன்னி அவள் வாயால் பதில் சொல்லும். வேறொருத்தி உடுத்திய துணி மட்டும் ஆகாது. ஆகவே ஆகாது.

சின்னவள் தனுஜாவுக்குச் சம்பந்தம் இரண்டு தடவை பேசி முடிந்து, இரண்டு தடவையும் கலைந்துபோனது. மூன்றாவதாக றக்வானையிலிருந்து ஒரு இடம் வந்தது. நல்ல பையன். என் மனைவி சீதாதேவிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"மூத்தவ மனசு இன்னும் குளிரலங்க. அதான் தங்கச்சிக்கு வழி விட மாட்டேங்குறா. இந்தத் தடவ அவ ஆசப்பட்டத வைக்கணும்."

"என்னத்த ஆசப்பட்டா?"

"மறந்துட்டீங்களா? கால மூடுற மாதிரி நீட்டுக் கவுன்."

மறக்கவில்லை. கிருஷ்ணகுமாரி எம்பிலிப்பிட்டியப் பக்கம் ஒரு கார்மெண்டில் இரண்டு வருஷம் சட்டைக்குக் கொலர் தைத்தாள். லீவில் வந்தால் சொல்வாள்: "யார் யாருக்கோ தைக்கிறேம்ப்பா. எனக்கு ஒன்னே ஒன்னு வேணும், தரையில இழுபடுற மாதிரி." ரப்பர் மலையில் குப்பை கூட்டவா என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கலவான சந்தையில் ஷிஹாப் என்பவர் வெளிநாட்டுப் பழைய உடுப்புகளைத் தரப்பாளில் குவித்து வைத்து விற்பார். ரப்பர் பால் வெட்டப் போகும்போது போட ஒரு டீசேர்ட் தேடிக் கிளறிக்கொண்டிருந்தேன். அடியில் ஏதோ கனமாகக் கையில் பட்டது. இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மங்குஸ்தான் தோல் நிறத்தில் பட்டுக் கவுன். இரண்டு கையிலும் ஏந்தினேன். துணியைத் தூக்கிய மாதிரி இல்லை, மயங்கி விழுந்த ஆளைத் தூக்கிய மாதிரி இருந்தது.

"அண்ணே, உங்களுக்கு இடுப்புல கொஞ்சம் டைட்டா வருமே," என்றார் ஷிஹாப். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மகளுக்கு."

உள்பக்கம் ஒரு சின்னப் பட்டி தைத்திருந்தது. நான் எழுத்துப் பிடித்ததே நாற்பது தாண்டித்தான். அதுவும் தமிழ் மட்டும். ஷிஹாப்தான் வாசித்தார்.

"ரோமா. இத்தாலி சாமான் அண்ணே! பேனையால ஒரு நம்பரும் எழுதியிருக்கு. பழைய காலத்து வெள்ளக்கார நோனா ஒருத்தியோடது போல."

"யாரும் போட்டதா?"

"ஒரு கறை இருக்கா பாருங்க. புதுசு மாதிரித்தானே இருக்கு."

எனக்கு வேண்டிய பதிலாகத்தான் அது என் காதில் விழுந்தது.

அடுத்த நாள் எங்கள் லயத்து வரிசை வீட்டு முன்னால் கொடியில் வெயிலுக்குப் போட்டேன். மலையிலிருந்து காற்று இறங்கியது. என் சாரமும் தனுஜாவின் சட்டையும் படபடவென்று அடித்துக்கொண்டன. கவுன் மட்டும் அசையவில்லை. ஒரு ஆள் நிற்கிற மாதிரி நேராக நின்றது.

"என்னா, நம்ம லயத்துக்குத் தொரசாணி குடிவந்திருக்கு போல?" என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நாகலிங்கம் கத்தினான். சிரித்துக்கொண்டே கிட்ட வந்தவன், தொடாமல் திரும்பிப் போனான்.

சீதாதேவி வாசற்படியிலேயே நின்றாள். "யாரும் உடுத்தலையே?"

"இல்ல."

"சத்தியம் பண்ணுங்க."

"டவுன்ல தையக்காரிக்கிட்ட காட்டிக் கேட்டுட்டு வாறேன், போதுமா?"

தையல்கடை ஸபியா கவுனை உள்பக்கம் திருப்பி மடியில் போட்டுக்கொண்டார். தையலை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"நானா, இதுல மெஷின் ஓடவே இல்ல. எல்லாம் கைத்தையல். ஓரத்துக்குள்ள ஈயத்துண்டு வெச்சிருக்காங்க, துணி பறக்காம நிக்க. இங்க பாருங்க, இடது தோள்ல மட்டும் பஞ்சு. அந்த நோனாவுக்கு இடது தோள் எறக்கம். அது வெளிய தெரியாம மறைச்சிருக்காங்க. கடையில விக்கத் தச்சதில்ல இது. ஒருத்தி ஒடம்புக்குன்னே தச்சது."

"அவ போட்டாளா?"

பின்பக்கத்துக் கீழ் ஓரத்தைப் புரட்டிக் காட்டினார். சுண்டுவிரல் நகமளவு ஒரு கிழிசல். அதே நிறப் பட்டுநூலால் மூட்டியிருந்தது. "குதிகால்ல மாட்டியிருக்கு. போட்டு நடந்திருக்கா. ஏன் நானா, மொகம் இப்படிப் போகுது?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது மடியில் கனத்தது. றக்வானைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். படையல் வெள்ளிக்கிழமை.

"புதுசுதானாம்," என்றேன். சீதாதேவி கவுனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பொங்கல் வைத்து, பூப் போட்டு, சாம்பிராணி காட்டினோம். தனுஜா கவுனை எடுத்துக்கொண்டு உள் காம்பராவுக்குப் போனாள். வெளியே வர நேரமானது. ஈயம் வைத்த ஓரம் சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம்தான் முதலில் வந்தது.

பக்கத்துத் தேயிலை மலையில் கொழுந்துக் கூடை சுமந்து முன்னால் வளைந்தே நடக்கிற பிள்ளை அவள். இப்போது நிமிர்ந்து நின்றாள். உடுப்புக்குள் குச்சி வைத்துத் தைத்திருந்தது, அதனால் நிமிர்ந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இடது தோளை எதற்காக இறக்கினாள்? பஞ்சு வைத்த தோளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இரண்டு தோளும் சமமாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினாள். பல வருஷம் கண்ணாடி முன்னால் நின்று பழகியவள் போல.

சீதாதேவி காலில் விழுந்தாள். "வந்துட்டியா தாயீ! மனசு குளிர்ந்துச்சா? தங்கச்சிக்கு வழி விடுறியா, சொல்லும்மா!"

கவுனில் நின்றவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சாமிப் படத்தை, கூரைத் தகரத்தை, என்னை. என்னைப் பார்த்த கண் என் மேல் நிற்கவில்லை, தகரத்தைப் பார்த்த மாதிரியே தாண்டிப் போனது. என் மூத்தவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண் சொருகிக் கிடந்தபோதும் என்னை அப்படித் தாண்டியதில்லை.

"விடுறேன்," என்றாள்.

சீதாதேவி அழுதாள். ஆறு வருஷத்துக்கப்புறம் சந்தோஷமாக அழுதாள். கவுனைக் கழற்றிய பிறகு தனுஜாவுக்கு எதுவும் ஞாபகமில்லை. தோள் வலிக்கிறது என்றாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை றக்வானைக்காரர்கள் வந்தார்கள். தாம்பூலம் மாற்றினோம். மூத்தவளே உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று லயம் முழுக்கப் பேச்சு.

திங்கட்கிழமை விடிந்ததும் வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு, பால் வெட்டப் போகும் முன்னால் அவளைப் புதைத்த இடத்துக்குப் போனேன். ரப்பர் இலை உதிர்ந்து மேடே தெரியாமல் மூடியிருந்தது. கையால் ஒதுக்கினேன்.

"புள்ள, ஒம் பேரச் சொல்லி வேற ஒருத்திக்குப் படையலக் குடுத்துட்டேன். அவ வாங்கிக்கிட்டு, ஒனக்குப் பதிலா சரின்னுட்டுப் போயிட்டா. தங்கச்சி கல்யாணம் நடக்கலாமா? அம்மாக்கிட்ட உண்மையச் சொல்லவா, வேணாமா?"

கேட்டுவிட்டுத்தான் நினைத்தேன். அவள் எப்படிப் பதில் சொல்வாள்? துணி வைத்தால்தானே அவளுக்கு வாய். இந்த வருஷம் நான் அவளுக்குத் துணியே வைக்கவில்லை.