துண்டு போட்ட இடம்

"ரெண்டு நிமிஷம் வந்து உக்காருங்களேன்."

"எனக்கு போட்டோ வேணாங்க."

"போட்டோ உங்களுக்கு இல்ல. லைட்டுக்கு ஒரு மூஞ்சி வேணும்."

மூன்று வருடங்களுக்கு முன், என் ஸ்டுடியோவை ஒட்டிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையை அவர் திறந்த வாரம் நாங்கள் பேசியது இது. சட்டையெல்லாம் மரத்தூளோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அவர் முகத்தில்தான் விளக்குகளைச் சரிபார்ப்பேன். வாடிக்கையாளர் வந்ததும் எழுந்து போய்விடுவார். மேக்கப் போடும் என் அண்ணி அவருக்கு 'துண்டு' என்று பெயர் வைத்தார். பஸ்ஸில் இடம்பிடிக்கப் போடுகிற துண்டாம். நல்லவேளை, கைக்குட்டை என்று சொல்லவில்லையே என்று அவரும் சிரித்தார்.

இன்று ஒரு பேராசிரியை வரவேண்டும், புத்தகத்தின் பின்னட்டைப் படத்துக்கு. சட்டக்கடைக்காரரைப்போலவே அவரும் கண்ணாடி அணிபவர். வழக்கம்போல் சட்டக்கடைக்காரரை ஸ்டூலில் உட்காரவைத்து, வெள்ளைத் துணி கட்டிய பெரிய விளக்கை அவர் கன்னத்தருகே இழுத்தேன். தள்ளி வைத்தால்தான் வெளிச்சம் இதமாக இருக்கும் என்று பலர் நினைப்பார்கள். கிட்டே வர வரத்தான் நிழலின் ஓரம் கரையும். மூக்கோரம் கத்திபோல் நின்ற கோடு மறைந்தது. கண்ணாடியில் வெள்ளைக் கட்டம் மின்னியது. விளக்கை ஒரு சாண் உயர்த்திச் சாய்த்தேன், போயிற்று. இருண்டிருந்த மறுகன்னத்தில் வெளிச்சம் திரும்பி விழ அண்ணி தெர்மாகோல் பலகையைப் பிடித்தார். என் கைக்கு இதிலெல்லாம் தடுமாற்றமே கிடையாது.

அப்போதுதான் ஸ்டூலில் இருந்தபடி அவர் சொன்னார், அடுத்த மாதம் கடையைக் காலி செய்வதாக. ஊரின் அந்தக் கோடியில் தம்பி பெரிய இடம் பார்த்திருக்கிறாராம். இனி லைட்டுக்கு வேறு முகம் தேடிக்கொள்ளச் சொன்னார், தன் கைகளைப் பார்த்தபடி.

அண்ணியின் பலகை தானாக இறங்கியது.

"ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் மோவாயத் தூக்கு, தோளை இறக்குன்னு அதட்டுவா. வேண்டியதக் கேக்க மட்டும் வாய் வராது."

யாருக்கோ போன் செய்யவேண்டும் என்று அண்ணி வெளியே போய்விட்டார்.

அவர் மனைவியை இழந்து ஏழு வருடமாகிறது. நானோ, கல்யாணமே வேண்டாம் என்று வீட்டோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள். ஜெயித்த வழக்கில் நானே போய் எப்படி அப்பீல் செய்வது என்றுதான் மூன்று வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வாசலில் கார் நின்றது. பேராசிரியையை அண்ணி வரவேற்பறையில் உட்காரவைக்கும் சத்தம் கேட்டது. அவர் வழக்கம்போல் எழுந்தார். நான் தோளில் கைவைத்து உட்காரவைத்தேன். இதுவரை அவரைத் தொட்டதில்லை.

"அவங்க காத்திருக்கட்டும். கடைய நீங்க எங்க வேணா மாத்திக்கோங்க, நான் தடுக்கல," என்றேன். குரல் என்னுடையதாகத்தான் இருந்தது. "சாயங்காலம் கடைய மூடிட்டு நம்ம வீட்டுக்கு வாங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்க."