சோபா அடங்காத கேமரா

"கழட்டுங்க அத்தான்!"

"கழட்ட மாட்டேன். என்ன பண்ணுவே?"

"கடையை ஆறு மணிக்கு மூடிருவாங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"மூடட்டும். பெரிசைக் குடுத்துட்டுச் சின்னதை வாங்கப் போற ஆளை இப்பத்தான் பாக்கறேன். எல்லாரும் சைக்கிளை வித்துட்டு கார் வாங்குவாங்க. நீ காரைக் குடுத்துட்டு சைக்கிள் கேக்கறே!"

"அது என் காரு. நான் சம்பாதிச்சு வாங்கினது. கழட்டுங்க!"

எதிர்வீட்டில் இவ்வளவு சத்தமாகப் பேசும்போது நம் வீட்டுக் கதவைச் சாத்தி வைப்பது அவர்களை அவமதிப்பது மாதிரி. நான் மிதியடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து உதறினேன். காலையிலேயே உதறிய மிதியடிதான். பாவம், அதில் தூசிக்கு எங்கே போவது.

அத்தான் வாசற்படியில் நின்றிருந்தார். கழுத்தில் கறுப்பு நாடா. நாடாவின் முனையில் டிஎஸ்எல்ஆர் கேமரா அவர் தொப்பை மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டிருந்தார். எதிரே அவர் கொழுந்தியாள், காலிப் பெட்டியைத் திறந்து நீட்டியபடி. அவள் ஒரு காலில்தான் செருப்பு. இன்னொன்றைத் தேடக்கூடப் பொறுமை இல்லை.

அவர் எனக்கு அத்தான் முறை இல்லை. அந்தப் பெண் நாள் முழுக்க அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கட்டிடம் மொத்தத்துக்கும் அத்தானாகிவிட்டார். டயர் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து வந்து அப்போது உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸின் தங்கைதான் இவள். கட்டிடத்தில் இவளுக்குப் பெயர் பல்லி. வீட்டுத் தரகர் ஆபீசில் வேலை. வாடகைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்துப் போடுவது. ஒரு அறை முழுசாகப் படத்தில் விழவேண்டுமானால் எடுக்கிறவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். இவள் ஒட்டுகிற ஒட்டைப் பார்த்து அத்தான் வைத்த பெயர் அது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் தொழிலில் அது ஒரு பாராட்டு.

இத்தனை நாளும் போனில்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் தரகர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். புதிதாகக் கட்டி முடித்த பெரிய கட்டிடம் ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை எல்லா வீட்டையும் படம் எடுக்கவேண்டும். கட்டிட உரிமையாளர் போன் படத்தைக் கையால் தொடமாட்டார். கேமரா வாங்கிக்கொண்டு வா. வேலை சரியாக வந்தால் உன்னை நிரந்தரம் ஆக்குகிறேன், ஆபீசுக்கு மேலே இருக்கிற சின்ன அறையையும் தருகிறேன் என்றார்.

நிரந்தரம் என்ற சொல்லை அவள் காதிலேயே வாங்கவில்லை. அறை என்ற சொல்தான் விழுந்தது. அக்கா வீட்டில் இருப்பது ஒரு படுக்கையறையும் ஒரு ஹாலும். இவள் ஹால் சோபாவில் படுக்கிறாள். அத்தான் டிவியை அணைத்தால்தான் அவளுக்குப் பொழுது அடையும். காலையில் அவர் செய்தி போட்டால் விடிந்துவிடும். ஊரில் இருக்கிறவர்களுடைய படுக்கையறையையெல்லாம் படம் எடுக்கிற பெண்ணுக்கு, சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது. துணி மாற்றக் குளியலறைக்குப் போனால்கூட, "எவ்வளவு நேரம்மா?" என்று ஒரு குரல் வரும்.

கேமரா கடைக்கு வியாழக்கிழமை போனார்கள். நானும் போனேன். எனக்கு ஒரு கடிகார பேட்டரி வாங்கவேண்டியிருந்தது. எந்தக் கடிகாரத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடையில் விற்கிறவர் சுருட்டைமுடிக்காரர், பொறுமைசாலி. கண்ணாடி மேசை மேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று காம்பாக்ட், சட்டைப்பையில் போடலாம். இன்னொன்று டிஎஸ்எல்ஆர். விலை ஏறக்குறைய ஒன்றுதான். பல்லி பழக்கதோஷத்தில் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுத்தாள். சின்னதில் கடை முழுக்க விழுந்தது. ஓரத்தில் நின்ற என் முழங்கைகூட இருந்தது. பெரியதில் மேசை மட்டும்தான்.

"பெரிசுல ஏன் கம்மியா வருது?" என்றாள்.

"இதுகூட வர்ற லென்ஸ் அவ்வளவு அகலம் காட்டாதுங்க. ரூம் எடுக்கறதுக்கு வைட் லென்ஸ் தனியா வாங்கணும். அது கேமரா விலையே வரும். உங்க வேலைக்கு இந்தச் சின்னதே போதும்னு தோணுது" என்றார் சுருட்டைமுடி.

அத்தான் சிரித்தார். "தம்பி, எனக்கே கதை விடறீங்களா? பெரிசுல அடங்காததா சின்னதுல அடங்கிரும்? குண்டான்ல கொள்ளாத தண்ணி டம்ளர்ல கொள்ளுமா?"

கடையில் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் நானும் ஆட்டினேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பல்லி சின்னதை எடுத்தாள், வைத்தாள். பெரியதை எடுத்தாள், வைத்தாள். கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். முன்வாரம் ஒரு வீட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது, போனோடு நின்றவளைக் கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்க வந்தவள் என்று நினைத்து, சமையலறை அலமாரியைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். அதே தெருவில் கழுத்தில் பெரிய கேமராவோடு வந்த ஒருவனுக்கு நாற்காலி போட்டு, சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த நாற்காலி அவள் மனசை விட்டுப் போகவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பெரியதைக் காட்டினாள்.

"ஒரு வாரத்துக்குள்ள பெட்டி கசங்காம கொண்டுவந்தா மாத்தித் தர்றோம்" என்றார் சுருட்டைமுடி. அவரும் மனுஷனைப் படித்தவர்தான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் எங்கள் கட்டிடத்தில் ஒத்திகை. என் சமையலறைக்கு வந்தாள். அடுப்பு விழுந்தால் தொட்டி விழவில்லை, தொட்டி விழுந்தால் ஜன்னல் விழவில்லை. பின்னால் போய்ப் போய் பிரிட்ஜுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவாள் போல இருந்தது. குளியலறை அதைவிட மோசம். குழாய் ஒரு படம், வாளி ஒரு படம் என்று தனித்தனியாக வந்தது. பார்க்கிறவன் அது ஒரே குளியலறை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டான்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று. போனில் எடுத்தபோது யாரும் இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய கேமராவைப் பார்த்ததும் ஆளாளுக்குத் தலைசீவிக்கொண்டு வந்து நின்றார்கள். முதல் மாடியில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண், புதுச் சட்டை மாற்றிக்கொண்டு கட்டிலின் முன்னால் கன்னத்தில் கைவைத்து நின்றது. "கொஞ்சம் நகருங்க, கட்டில்தான் வேணும்" என்று இவள் சொல்ல, "அப்ப நான் வேண்டாமா?" என்று அதற்குக் கோபம். ரிட்டையர்டான பேங்க்காரர், தன் பெண்டாட்டியையும் மருமகளையும் வரிசையாக நிறுத்திவிட்டு, "நான் உக்காரட்டுமா, நிக்கட்டுமா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை. படியில் ஏறினாள், இறங்கினாள். லிஃப்ட் வருவதற்குள் பட்டனை நாலு தடவை அழுத்தினாள், வந்த லிஃப்டில் ஏறாமல் மறுபடி படிக்கு ஓடினாள். தூங்கவும் இல்லை; கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஞாயிறு மத்தியானம் முடிவெடுத்து, மாற்றிவிடலாம் என்று பெட்டியைத் தூக்கினாள். பெட்டி இருந்தது, கேமரா இல்லை. அத்தான் பால்கனியில் காக்காயைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் விஷயம். இரண்டு நாளாக அவள் கீழே வைக்கிற நேரமெல்லாம் மனுஷன் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுவிடுவார். அவர் ஆபீசில் மேனேஜருக்கு வழியனுப்பு விழா வருகிறது. படம் எடுக்கிற பொறுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அங்கே அள்ளிவிட்டிருக்கிறார். இனி வெறுங்கழுத்தோடு போக முடியுமா?

அப்படி வந்த சண்டைதான் வாசலில் நடந்தது. சத்தம் ஏற ஏற, அத்தான் கடைசியில் மார்தட்டினார்.

"இப்ப என்ன, ரூம் அடங்கலையா? உனக்கு எடுக்கத் தெரியலை. இந்த ஹாலையே ஒரே படத்துல அடக்கிக் காட்டறேன். அடங்கிட்டா வாயை மூடிக்கிட்டுப் போகணும். சரியா?"

"சரி. அடங்கலைன்னா கழட்டணும்."

"சரிதான் போ."

ஹாலின் ஒரு மூலைக்குப் போனார். டிவி வந்தது, சோபா வரவில்லை. அடுத்த மூலைக்குப் போனார். சோபா வந்தது, டிவி வரவில்லை. "டிவி இல்லாம ஹாலா?" என்று அவரே சொல்லிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார். வாசலைத் தாண்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்து, நடையைக் கடந்து, என் வீட்டுக்குள் வந்தார். "பாத்து அத்தான்" என்று நான் சொல்வதற்குள், இஸ்திரி போட்டு அடுக்கிவைத்த துணி மேல் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வாக்கிலேயே பட்டனை அழுத்தினார்.

"இந்தா! வந்து பாரு!"

மூன்று தலையும் அந்தச் சின்னத் திரை மேல் கவிழ்ந்தன. என் வீட்டுக் கதவு நிலை, நடை, அவர் வீட்டுக் கதவு நிலை. அதற்கு நடுவில் டிவி, அத்தானின் சாய்வு நாற்காலி, சாப்பாட்டு மேசையின் ஒரு கால்.

"சோபா வரலையே அத்தான்."

"சோபா எதுக்குடி? டிவி வந்திருக்கு, சேர் வந்திருக்கு. பாத்தா ஹால்னு தெரியுதில்ல?"

"சோபாலதான் நான் இருக்கேன்."

அழுதுகொண்டு சொல்லவில்லை. தபால்காரருக்கு விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். அத்தான் திரையை மறுபடி உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

நடையில் நர்ஸ் நின்றிருந்தாள். தலை அவிழ்ந்து, கன்னத்தில் தலையணைத் தடம். எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது. தங்கையைப் பார்த்தாள். உள்ளே திரும்பி அந்த சோபாவைப் பார்த்தாள். மடித்துவைத்த போர்வை, அதன் மேல் சீப்பு, சார்ஜர், ஒரு ஜோடி காலுறை. தினமும் தாண்டிப்போகிறதுதான்.

"கழட்டுங்க" என்றாள் புருஷனிடம். குரலை உயர்த்தக்கூட இல்லை. ஊசி போடப்போகிறவர்களிடம் பேசுகிற குரல்.

அத்தான் கழற்றினார். நாடா காதில் மாட்டி, மூக்குக்கண்ணாடியும் கூடவே வந்தது.

அப்புறம் ஒரே ஓட்டம். கேமராவின் சார்ஜரைக் காணோம். டிவிக்குப் பின்னால் செருகியிருந்தது. லென்ஸ் மூடி அத்தானின் சட்டைப்பையில். செருப்பு கிடைக்காமல் பல்லி என் செருப்பைப் போட்டுக்கொண்டாள். எனக்கு வேறு செருப்பு இருந்ததால் நானும் கூடப் போனேன். டாக்சியில் அவள் பெட்டியை மடியில் வைத்து, சிக்னலுக்குச் சிக்னல் மூடியைத் திறந்து பார்த்தாள். "பறந்து போயிருமா?" என்றேன். "பேசாதீங்க ஆன்ட்டி, மணி என்னன்னு பாருங்க" என்றாள். கடைசித் தெருவில் வண்டி நகரவில்லை. இறங்கி ஓடினோம். ஓடினாள் என்று சொல்லவேண்டும்; நான் வந்து சேர்ந்தேன்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவள் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

சுருட்டைமுடி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நாடாவைப் பிரித்ததும் நின்றார். அதிலிருந்த கம்பெனி பெயரின் மஞ்சள் எழுத்துகள் மேல் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. "இது என்னங்க?"

பல்லி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அத்தானின் தலைமுடி சொந்தக் கறுப்பா, பூசின கறுப்பா என்று எங்கள் கட்டிடத்தில் நெடுநாளாக இருந்த சந்தேகம் அங்கே தீர்ந்தது.

"சாயம்" என்றாள் அவள், மெதுவாக. "எங்க அத்தான் மாட்டியிருந்தாரு. போகலைன்னா மாத்தித் தரமாட்டீங்களா? நாளைக்குக் காலையில எனக்கு வேலை இருக்குங்க."

லென்ஸ் துடைக்கிற திரவத்தைத் தொட்டு அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள். எழுத்து மறுபடி மஞ்சளானது. சின்னதை எடுத்து நீட்டினார்.

மறுநாள் கதை தரகர் ஆபீசில் கணக்குப் பார்க்கிற அம்மாள் சொல்லித் தெரியும். கட்டிட உரிமையாளர் அந்தக் காம்பாக்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சுற்றுலா வந்திருக்கியா?" என்றாராம். தரகர் முகம் சுண்டிவிட்டதாம். இவள் நேராகக் குளியலறைக்குள் போய், தலைக்குப் பின்னால் மூலையோடு மூலையாகக் கேமராவைக் கையால் அழுத்திவைத்து எடுத்திருக்கிறாள். குழாய், தொட்டி, ஜன்னல், கதவு எல்லாம் ஒரே படத்தில். "இவ்வளவு சின்னதாத் தெரியுதே" என்று உரிமையாளர் குறைப்பட்டார். "அது அவ்வளவுதான் சார் இருக்கு" என்றாளாம்.

அந்தப் பதிலுக்குத் தரகர் அவளைத் திட்டினார். வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் யாரும், படத்தில் ஒன்று நேரில் ஒன்று என்று சண்டை போட்டுக்கொண்டு திரும்பிப் போகவில்லை. வீடுகள் மளமளவென்று போயின. தரகர் அவளை நிரந்தரமாக்கி, பழைய பெயர்ப்பலகைகள் அடைத்துவைத்த மேலறையை முனகிக்கொண்டே காலி செய்து கொடுத்தார். அவள் ஒரே டாக்சியில் சாமானோடு போய்விட்டாள்.

அத்தான் தவணையில் ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கி, மேனேஜரின் வழியனுப்பு விழாவை எடுத்தார். மேனேஜர் பாதிதான் விழுந்தார். அந்த வருஷமே நர்ஸ் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்போது எதிர்வீட்டில் இருக்கிறவர்கள் மெதுவாகப் பேசுகிறவர்கள். ஒன்றும் பிரயோஜனம் இல்லை.

சுருட்டைமுடிக்கும் பல்லிக்கும் முடிச்சு விழும் என்று நான் கட்டிடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவர் கட்டிக்கொண்டது பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற அந்த முதல் மாடிப் பெண்ணை. கன்னத்தில் கைவைத்து நின்ற படத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று அது கடைக்குப் போனதில் ஆரம்பித்ததாம். பல்லியை ஒரு தடவை பார்க்கப் போனேன். கதவைத் தட்டவேண்டியிருந்தது. "யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டு, நிதானமாக வந்து திறந்தாள். எப்போது கல்யாணம் என்று விசாரித்தேன்.

"இருங்க ஆன்ட்டி. இப்பத்தானே தனியாத் தூங்க ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள்.