பாதிக் காற்று

ஜீப் டயரில் காற்று குறைந்தால் தன் இடுப்பு வலியும் குறையும் என்பதை ஆராயிதான் கண்டுபிடித்தாள். இருபது வருஷமாக ஏற்காட்டு மலையில் ஸ்டியரிங் பிடிக்கிற அவள் புருஷன் வெங்கடாசலத்துக்கு அது தோன்றவில்லை. டயர் என்றால் காற்று, காற்று என்றால் கிண்ணென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் படிப்பு.

ஆராயிக்கு மார்பில் வந்த கட்டியை அறுத்தெடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போன கட்டி போய்த் தொலைந்தது என்று எல்லோரும் மறந்திருந்த நேரத்தில் அது இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. கரண்டு வைத்தால், அதாவது கதிர்வீச்சுக் கொடுத்தால், வலி அடங்கும், ஆனால் விடாமல் தினமும் வர வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார் சேலத்து டாக்டர். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார். அவர் எங்கே அந்தப் பாதையைப் பார்த்தார்?

வெள்ளக்கடையில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் அவர்கள் ஊர்வரைக்கும் மண்பாதை. மண்பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி பாறை, மீதி பள்ளம். தேர்தலுக்குத் தேர்தல் அந்தப் பாதைக்குத் தார் வரும். வாயளவில் வந்து வாயோடு போய்விடும். நட்டநடுவில் எருமை படுத்த மாதிரி ஒரு கல் வேறு கிடந்தது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் காப்பித் தோட்டச் சரிவு. சுற்றிப் போக இடமில்லை, ஒரு பக்கச் சக்கரம் அதன்மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். அந்த இடம் வந்ததும் வெங்கடாசலம் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுப்பான். “கல்லு வருது. புடிச்சுக்கோ.” பின்சீட்டில் கம்பளி விரித்துப் படுத்திருக்கும் ஆராயி இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முந்தானையைக் கடித்துக்கொள்வாள்.

முதல் நாள் கரண்டு வைத்துத் திரும்பும்போது பின்சக்கரம் ஒன்றில் ஆணி ஏறி, காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. வெங்கடாசலம் கவனிக்கவில்லை. வீட்டு வாசலில் அவளை இறக்கும்போது அவள்தான் கேட்டாள்.

“ஏனுங்க, இன்னைக்கு என்ன செஞ்சீங்க? கல்லு வந்ததே நொம்பத் தெரியலியே.”

“நான் ஒண்ணும் செய்யலியே புள்ள.”

குனிந்து பார்த்தான். டயர் பாதி அமுங்கிக் கிடந்தது. அன்றைக்குப் பூராவும் அவன் அந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை இல்லாத வீட்டில் ஜீப்தான் பிள்ளை என்று ஊர் கேலி பேசும். அந்தப் பிள்ளை முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்திருந்தது.

மறுநாளிலிருந்து அது வழக்கமாயிற்று. வீட்டில் கிளம்பும்போது டயர்கள் தொளதொளவென்று இருக்கும். வெள்ளக்கடை பஞ்சர் கடையில் காற்று ஏற்றிக்கொண்டு ஏற்காடு போய், கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம். அமுங்கின டயரோடு அந்த வளைவுகளில் இறங்கினால் நேராக மேலோகம்தான், அது அவனுக்குத் தெரியும். திரும்பி வரும்போது தார் முடிகிற இடத்தில் நிறுத்தி, வேலியோரம் ஒரு காப்பிக் குச்சியை ஒடித்து, ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் முட்டிபோட்டு உட்கார்ந்து, வால்வு ஊசியை அமுக்கிக் காற்றை இறக்குவான். புஸ்ஸென்று காற்று போகும். ஆராயி உள்ளேயிருந்து, “போதுங்க, சக்கரத்துல கொஞ்சம் காத்து மிச்சம் வெச்சிருங்க” என்று கேலி செய்வாள்.

அத்தோடு நின்றிருக்கலாம். நல்லது என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் என்று கை போகுமே, அவன் கையும் போயிற்று. நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுதலாக இறக்கினான். ஒருநாள் கல்லிலிருந்து இறங்கும்போது முன்டயர் ரிம்மை விட்டு நழுவியது. உள்ளே ட்யூப் வால்வோடு பிய்ந்துகொண்டு வந்தது. வெறும் இரும்பு பாறையில் இடித்து, ஜீப் ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஆராயி சீட்டிலிருந்து உருண்டு கீழே விழுந்தாள்.

அதுவரைக்கும் புருஷன் எதிரில் அவள் வலியென்று கத்தியதில்லை. அன்றைக்குக் கத்தினாள். அந்தச் சத்தத்துக்குத் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். கட்டில் கொண்டுவந்து அவளைத் தூக்கிப் போனார்கள். வெங்கடாசலம் பின்னாலேயே நடந்தான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

“இனிமே நான் வரலீங்க” என்றாள் ஆராயி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு. “கரண்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உட்ருங்க.”

அவள் தம்பி சின்னன் அடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்தான். சேதி கேட்டு மறுநாளே ஏறி வந்தான். அக்காளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டான்.

“ஏனுங்க மாமா, மேலயும் கீழயும் போட்டு இப்படி அலைக்கழிக்கறீங்களே, எங்கூட்ல வெச்சுக்கிட்டா நான் என்ன சோறு போட மாட்டனா? காத்த எறக்கறாராமா காத்த! கொன்னுபோட்டிருப்பீங்க.”

மச்சினன் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கழன்ற டயரை ஒட்டுப்போட்டு மாட்டி, அங்குலம் அங்குலமாக ஓட்டி, ஆராயியை அடிவாரத்தில் சின்னன் வீட்டில் கொண்டுபோய் விட்டான் வெங்கடாசலம். அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரி கிட்டம்தான். ஆனால் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “நல்ல சக்கரம் கெடைக்கற வரைக்குந்தான். அப்புறம் நான் எங்கூட்டுக்குப் போயிருவேன்.”

சேலத்தில் லாரிப் பட்டறைகள் இருக்கிற தெருவில் தனலட்சுமி என்ற அம்மா சக்கரக் கடை வைத்திருந்தார். கடை வாசல் முழுக்கப் பளபளவென்று அலாய் சக்கரங்கள் தொங்கின. வெங்கடாசலம் அவற்றில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். லேசாக இருந்தது, அழகாக இருந்தது. இதைப் போட்டுவிட்டால் ஆராயி பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தான்.

“எதுக்குங்க வேணும்?” என்றார் தனலட்சுமி.

“மலப் பாதைங்க. காத்து நொம்பக் கம்மியா வெச்சு ஓட்டோணும். டயரு கழண்டு வரக்கூடாது.”

“சுமையா? காப்பி மூட்டைங்களா?”

“இல்லீங்க. ஆளுதானுங்க.”

“எத்தன பேரு?”

“ஒருத்திதானுங்க” என்றான் வெங்கடாசலம். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். எலும்பு, கரண்டு, கல், அவள் உருண்டு விழுந்தது, கத்தியது எல்லாம்.

தனலட்சுமி அவன் கையிலிருந்த அலாய் சக்கரத்தை வாங்கி ஆணியில் மாட்டினார்.

“இது உங்களுக்கு ஆகாதுங்க. காத்து இல்லாம கல்லுல இடிச்சா இது வளையாது, விரிசல் உட்ரும். நடுப்பாதைல நின்னுபோகும். உங்களுக்கு இரும்புதான். வளைஞ்சாலும் ஒரு சுத்தியல எடுத்து நீங்களே தட்டிட்டு ஊடு போய்ச் சேரலாம்.”

உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு இரும்புச் சக்கரத்தை உருட்டி வந்தார். பார்க்க லட்சணமில்லை. இப்போது ஜீப்பில் இருப்பதைவிட ஒரு அங்குலம் சின்னது. “ரிம்மு சின்னதானா டயருக்கு ஒயரம் கூடும். அந்த ஒயரந்தான் உங்க ஊட்டம்மாவுக்கு மெத்தை” என்றார். அகலம் அதிகம் வேண்டாம் என்றும் சொன்னார். அகலமான ரிம்மில் டயர் விரிந்து நிற்கும், ஓரம் கல்லில் மாட்டும். பிறகு சக்கரத்தின் ஓரத்தில் ஓர் இரும்பு வளையத்தைக் காட்டினார். சுற்றிலும் போல்ட்டுகள். டயரின் வாயை ரிம்முக்கும் வளையத்துக்கும் நடுவில் வைத்து முறுக்கிவிட்டால், காற்று எவ்வளவு இறங்கினாலும் டயர் அந்தப் பிடியை விட்டு வராது. ட்யூபும் கிடையாது, வால்வு பிய்யவும் வழியில்லை.

“இது மாதிரிக்கு வெச்சிருக்கறது. நாலும் கோயமுத்தூர்ல சொல்லித்தான் வரணும். இருங்க, நான் அவங்களக் கொஞ்சம் முடுக்கறேன்.”

அவர் போனில் யாரையோ முடுக்கிய முடுக்கு தெருக்கோடிவரை கேட்டது. அப்படியும் சக்கரம் வரச் சில நாள் ஆயிற்று. வெங்கடாசலம் ஜீப்பை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டுத் தினமும் பஸ்ஸில் மலையிறங்கி வந்து ஆராயியை ஆட்டோவில் கூட்டிப் போனான். தம்பி வீட்டில் அவளுக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் தூக்கம் இல்லை. மின்விசிறிச் சத்தம், லாரிச் சத்தம், புழுக்கம். ஒருநாள் ஆட்டோவில் சொன்னாள்.

“நான் பாட்டுக்கு இங்கயே கண்ண மூடிட்டா என்னங்க செய்யறது? ஊட்டுக்கு வழி தெரியாம இந்த லாரிக்காரங்ககிட்டல்ல கேட்டுட்டு நிப்பேன்.”

கேலியாகத்தான் சொன்னாள். வெங்கடாசலத்தால் சிரிக்க முடியவில்லை.

“சக்கரம் வரட்டும் புள்ள. எங்க போனாலும் உன்ன ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறது எம்பொறுப்பு. ஒரு குலுங்கல் குலுங்காது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சக்கரங்கள் வந்தன. தனலட்சுமி வேலையாட்களை நம்பாமல் தானே போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கிக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் ஆராயி ஜீப்பில் ஏறினாள். தார் முடிந்த இடத்தில் வெங்கடாசலம் இறங்கிக் குச்சியை ஒடித்தான். டயர் கழலும் என்ற பயமில்லாமல் இப்போது தைரியமாகப் பாதிக்கும் கீழே இறக்கினான். டயர்கள் வயிறு பிதுங்கி நின்றன. கல் வந்தது. “கல்லு வருது, புடிச்சுக்கோ” என்றான். பதில் இல்லை. டயர் கல்லின்மேல் படிந்து ஏறி, படிந்து இறங்கியது.

நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஆராயி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான், மூச்சு சுடச்சுட வந்தது. எத்தனையோ நாளாகத் தூங்காதவள். நாற்பத்தைந்து வயசு மனிதன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஜீப் குலுங்கவில்லை, அவன்தான் குலுங்கினான்.

கரண்டு வைத்து முடிந்தது. வலி அடங்கியது. அந்த வருஷம் காப்பி பூத்தபோது அவள் எழுந்து நடந்து தோட்டத்து வரப்புவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஊரில் யாராவது ஜீப்பின் அந்த அழகில்லாத சக்கரங்களைப் பற்றிக் கேட்டால் போதும், வெங்கடாசலம் வளையத்தையும் போல்ட்டையும் தொட்டுக் காட்டி விளக்க ஆரம்பித்துவிடுவான். கேட்டவர்கள் ஏன்டா கேட்டோம் என்று நழுவுவார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது ஆராயிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். அதற்கு எந்தச் சக்கரமும் இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். மூக்கில் குழாயோடு ஆராயி கேட்டாள், “ஏனுங்க, நாளைக்கு ஊட்டுக்குப் போயிரலாமா?”

“போயிரலாம் கண்ணு” என்றான் வெங்கடாசலம். அவளை அவன் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

சின்னன் அழுது ஓய்ந்து, ஆகவேண்டியதைப் பார்க்க ஆரம்பித்தான். அவன் நல்லவன்தான், காரியக்காரன். வண்டி பேசிவிட்டு வந்தான். “மாமா, அந்த வண்டி தாரு இருக்கற வரைக்குந்தான் வருமாமா. பேசாம எங்கூட்டுக்குக் கொண்டுபோய் அடிவாரத்துலயே எடுத்துரலாமுங்களா? சொந்தக்காரங்களும் வந்துபோகத் தோது.”

“வண்டி எதுக்கு மாப்ள? நம்ம ஜீப்பு கீழதான நிக்குது” என்றான் வெங்கடாசலம். “அவள ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.”

பின்சீட்டில் அதே கம்பளியை விரித்துக் கிடத்தினார்கள். சின்னன் அக்காளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஏற்காட்டில் மழை தூறியது, சுற்றுலா வந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தார்கள். வெள்ளக்கடை தாண்டித் தார் முடிந்தது. வெங்கடாசலம் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினான். இறங்கினான். வேலியோரம் போய் ஒரு காப்பிக் குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து, முன்சக்கரத்துக்கு எதிரில் ஈர மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்தான். புஸ்ஸென்று காற்று போகிற சத்தம் கேட்டது.

சின்னன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் குரல் உடைந்தது.

“மாமா, இனி எதுக்குங்க காத்து எறக்கறீங்க? அக்காளுக்கு இனி வலிக்கவா போகுது?”

வெங்கடாசலம் குச்சியை எடுக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“கல்லு அங்கயேதான மாப்ள கெடக்குது” என்றான்.

சின்னன் தோளில் கிடந்த துண்டை மடித்து அக்காளின் தலைக்குக் கீழே வைத்தான். இறங்கிப் போய்த் தானும் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு ஜீப்பின் மறுபக்கம் போனான். அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் கேட்டது.

“எவ்வளவுங்க மாமா எறக்கறது?”

“பாதி. பாதிக்கு இன்னுங் கொஞ்சம் கீழ.”

நாலு சக்கரமும் ஆயிற்று. ஜீப் அன்னநடையாகப் போயிற்று. மழை கொஞ்சம் வலுத்திருந்தது. கல் இருக்கிற இடம் வந்ததும் வெங்கடாசலம் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் குரல் கொடுத்தான்.

“கல்லு வருது. புடிச்சுக்கோ.”

பின்னால் சின்னன் தன் அக்காளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.