விரதக்காரியின் சட்டை

அன்று எங்கள் வேலணை வீட்டில் இருந்தவர்கள்: அம்மா சரோஜினிதேவி, தங்கச்சி நிருஜா, மணப்பெண் உடுப்புகளை வாடகைக்குக் கொடுக்கும் ஜெனீற்றா அக்கா, ஐஸ் கொம்பனியில் இரவு வேலையை விட்டுவிட்டு வந்து கிடந்த நான். வாசல் படலையடியில் ஓட்டோ நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போக நான் கூப்பிட்டது.

காலையில் டொக்டர் நிருஜாவின் நாடியைப் பார்த்துவிட்டு, "இதயம் களைச்சுப் போச்சு. இண்டைக்கே வார்ட்டிலை விடுங்கோ" என்றார். நாங்கள் போனது வேறு காரியத்துக்கு. ஜெனீற்றா அக்கா நிருஜாவைச் சேர்த்துவிட்ட கொழும்பு ஆடைக் காட்சியை நடத்துபவர்கள், மேடையேறும் பெண்கள் சுகமாக இருப்பதாக டொக்டரின் கடிதம் கேட்டிருந்தார்கள். போன வருடம் ஒருத்தி மேடையில் விழுந்ததால் வந்த சட்டம். கடிதம் தரமாட்டேன் என்றார் டொக்டர். "பிள்ளை விரதம், டொக்டர்" என்று சொல்லி அம்மா அவளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

"சட்டையைக் கொஞ்சம் பெரிசாத் தைக்கச் சொல்லுங்கோவன் அக்கா. இவள் சாப்பிடட்டும்" என்றேன்.

"அவையள் தைக்கிறது ஒரே அளவுதான் தம்பி. அதுக்குள்ளை புகவும் வேணும், சுகமெண்டு கடிதமும் வேணும். நான் என்ன செய்ய?" ஜெனீற்றா அக்கா தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமையிலும் மீன், மச்சம் கேட்டு அழுதவள் நிருஜா. இடுப்பு பெரிது என்று ஜெனீற்றா அக்கா சொன்ன பிறகுதான் பக்தி வந்தது. சும்மா பட்டினி கிடக்க அம்மா விடமாட்டாள். விரதம் என்றால் விடுவாள். முதலில் வெள்ளி. பிறகு கேதாரகௌரி. அது தீபாவளியோடு முடிய, அடுத்த நாளே கந்தசஷ்டி. அயல் பெண்கள் வந்து பார்த்து, முகத்தில் அம்மன் களை என்றார்கள். அம்மா நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். எனக்குக் கன்ன எலும்புதான் தெரிந்தது.

"அம்மா, இது விரதமில்லை. சட்டைக்காகப் பட்டினி கிடக்கிறாள். நீயே சொல்லு நிருஜா."

நிருஜா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விரதம்தான் அண்ணை. சூரன்போர் முடியச் சாப்பிடுவன்."

"மாட்டாய். பிறகு பிள்ளையார் பெருங்கதை விரதம் வரும், அதையும் பிடிப்பாய்."

"வாயைக் கழுவடா!" என்றாள் அம்மா. "வேலையை விட்டிட்டுப் பாய்க்குப் பாரமாக் கிடக்கிறவன் விரதக்காரியைப் பழிக்கிறாய். விரதமிருந்து ஆர் செத்தது?"

"எனக்கு உங்கடை விரதம் தெரியாது அக்கா," ஜெனீற்றா அக்கா அம்மாவிடம் மெல்லச் சொன்னாள், "ஆனா ஒரு வாய் சோறு குடுங்கோ. கடிதத்துக்கும் நிறை வேணும்."

நான் நிருஜாவின் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. இழுத்தால் வந்துவிடுவாள், அவ்வளவுதான் பாரம்.

"மீன் திண்ட கையாலை தொடாதை!" அம்மா என் விரல்களைப் பிரித்தாள்.

நிருஜா சாமியறைக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். அந்தத் தூரத்துக்கே இளைத்தது. ஜெனீற்றா அக்காவைப் பார்த்து, "அக்கா, சட்டை இப்ப லூசாத்தான் இருக்கும்" என்றாள்.

அது அம்மாவின் காதிலும் விழுந்தது. வெளியே ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். அம்மா சாமியறைக் கதவைச் சாத்தி, வெளியால் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.