ஆற்றில் விடாத காதோலை

வேலாயி காவிரியைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று ஏங்கியதும் இல்லை. கடல் கடந்த மலைநாட்டில், றொசல்லைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஊர், ஆறு, வயல் என்று மற்றவர்கள் உருக ஆரம்பித்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பாள். அவளுக்கு வேண்டியது ஊர் இல்லை, ராக்காயி. கூடப் பிறந்த ஒரே தங்கை. ஆறு வருஷத்துக்கு முன் புருஷனோடு கப்பலேறி, காவிரிக்கரை முசிறியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரவும் வழியில்லை. வேலாயியின் புருஷன் ஆண்டியப்பன் இங்கேயே இருந்துவிட பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தான். இந்த நேரத்தில் கடல் தாண்டினால் மனு கெட்டுவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். திரும்பி வர விடுவார்களா என்பதும் சந்தேகம். அதனால் "எப்போது வருகிறாய்?" என்று அக்காளும் கேட்டு எழுதுவதில்லை, தங்கையும் எழுதுவதில்லை. அந்தக் கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் கடிதத்தில் இருக்கும்.

கப்பலைப் பிடிக்க ரயிலேறும்போது ராக்காயி ஒரு ஏற்பாடு சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அக்கா, ஆடிப் பதினெட்டுக்கு நான் அங்க ஆத்துல காதோலை கருகமணி விடுவேன். நீ இங்க நம்ம ஆத்துல விடு. பகல் பன்னெண்டு மணிக்கு, இங்க தோட்டத்துச் சங்கு ஊதுற நேரம். ரெண்டு பேரும் தண்ணியில நின்னா ஒண்ணா நிக்கிற மாதிரித்தானே?"

ஆறு வருஷமாக வேலாயி அப்படித்தான் தங்கையைச் சந்தித்துவந்தாள். வருஷத்துக்கு ஒரு நாள், முழங்கால் தண்ணீரில். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த நாளுக்காக அவள் மிச்ச நாளெல்லாம் கொழுந்து பறித்தாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது காவிரிக்கரைக்காரர்களின் வழக்கம். அங்கே புதுத் தண்ணீர், வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு அகலமாக வரும். இங்கே ஆடி என்றால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் மாதம். அந்த மாதத்தில் மலையாற்றில் இறங்குவது புத்தி கெட்ட வேலை. ஆனாலும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இறங்கினார்கள். ஆறும் பொறுத்துக்கொண்டது, மேமலைக் காடு இருந்தவரை.

போன தை மாதம் அந்தக் காட்டை மொட்டையடித்துவிட்டார்கள், புதுத் தேயிலை வைக்க. ஆறு பிறக்கிற இடமே அதுதான். வைகாசி மழையில் வேலாயியின் கையாலேயே அங்கே நூற்றுக்கணக்கான தேயிலைக் கன்றுகள் நடப்பட்டன.

சரிவுகளில் மழைத் தண்ணீருக்குக் கான் வெட்டுகிற மாயாண்டி அப்போதிருந்தே புலம்பிக்கொண்டிருந்தான்.

"காடு இருந்தப்ப மழைய வாங்கி வச்சிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விட்டுச்சு தங்கச்சி. இப்ப மேல பேஞ்சா அரை மணியில கீழ வந்துரும். என் கான் என்ன பண்ணும்? தண்ணிக்கு வழிதான் காட்டும்."

புலம்பியதோடு நிற்கவில்லை. பெண்கள் இறங்கும் துறையில் ஒரு பாறையின் மேல் சுண்ணாம்பால் கோடு போட்டான். கோடு முங்கினால் யாரும் இறங்கக் கூடாது என்றான்.

"கோலம் நல்லாருக்கு அண்ணே, புள்ளி வைக்க மறந்துட்டீங்களே" என்று வேலாயிதான் முதலில் கேலி செய்தாள்.

ஆடிப் பதினெட்டு அன்று, அதிசயமாக, லயத்தில் வெயில் அடித்தது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கெஞ்சி அரைநாள் வாங்கிக்கொண்டு ஒன்பது பெண்கள் துறைக்குப் போனார்கள். மேமலை உச்சி மட்டும் கறுத்துக் கிடந்தது. கோட்டுக்கு ஒரு சாண் கீழேதான் தண்ணீர் ஓடியது. பிறகென்ன?

மூத்தவள் முதலில் விட வேண்டும். அவள் விட்டதும் மற்றவர்கள் இறங்கி விடுவார்கள். வேலாயி காதோலை கருகமணியையும் பூவையும் தட்டில் ஏந்தி முழங்கால் ஆழத்தில் நின்றாள். சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இந்நேரம் ராக்காயியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தாள்.

அப்போது காலில் ஏதோ இடறியது. குனிந்து எடுத்தாள். ஒரு தேயிலைக் கன்று. வேரோடு வந்திருந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் நாலைந்து. தண்ணீர் சாயம் கூடிய தேத்தண்ணி நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. தன் கையால் நட்ட கன்று அவளுக்குத் தெரியாதா? மேமலை பெயர்ந்து வருகிறது.

சங்கு ஊதியது.

கையைச் சாய்த்தால் போதும், தட்டில் இருப்பது தண்ணீரோடு போய்விடும். ராக்காயி அங்கே காத்திருக்கிறாள். ஆனால் அவள் விட்டால் பின்னால் நிற்கும் எட்டுப் பேரும் அடுத்த நொடியே தண்ணீரில் இருப்பார்கள். வேலாயி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறினாள்.

"மேல போங்கடி! தட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம், ஓடுங்க!"

"நல்ல நாளும் அதுவுமா என்னக்கா இது?" என்று முணுமுணுத்தவளின் முதுகில் ஒன்று வைத்தாள். தேயிலை மேட்டில் அவர்கள் ஏறி நின்று மூச்சு வாங்குவதற்குள் ஆறு மரத்தையும் கல்லையும் உருட்டிக்கொண்டு இறங்கியது. மாயாண்டியின் கோடு மட்டுமல்ல, பாறையே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மாயாண்டி பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னான்: "கோட்ட மட்டும் நம்பாதீங்க. மேல கறுத்திருந்தா எறங்காதீங்க. தண்ணி நெறம் மாறுனா ஓடுங்க." இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை.

எல்லாரும் வேலாயியைக் கும்பிடாத குறை. அவளோ தன் லயத்து அறையான காம்பராவின் மூலையில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது உயிர் தப்பியது பெரிதுதான். ஆனால் தங்கை தண்ணீரில் தனியாக நின்றிருப்பாளே! விடாத காதோலையை ஒரு துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். நடந்ததை எழுதச் சொல்லவும் மனம் வரவில்லை.

புரட்டாசியில் ராக்காயியின் கடிதம் வந்தது. ஆண்டியப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"அக்காவுக்கு ராக்காயி எழுதுவது. என்னை மன்னிச்சிரு. இந்த வருசம் ஆத்துல வெள்ளம். யாரும் எறங்கக் கூடாதுன்னு தண்டோரா போட்டுட்டாங்க. நான் வாசப்படியிலேயே உக்காந்து அழுதேன். நீ அங்க ஒத்தையில நின்னுருப்பியே, நான் வரலைன்னு நெனைச்சிருப்பியே."

வேலாயி கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். பிறகு, "அடிக் கழுதை! அவளும் வரலியாம்!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைப் பொத்தினாள். உடனே பதில் எழுத வேண்டும் என்றாள். ஆண்டியப்பன் பேனாவை எடுத்தான்.

"நானும் விடலடின்னு எழுதுங்க. இனிமே ஆறு வேணாம். நீ உன் வீட்டுக் கொடத்துத் தண்ணியில விடு, நான் என் கொடத்துல விடுறேன். விடுறதுக்கு நாம இருக்கணுமில்ல, அதான் முக்கியம்."

எழுதினான். "வேற?"

"அவ எப்ப வர்றாளாம்னு கேளுங்க."

பேனா நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதையும் எழுதினான்.

"எழுதிட்டீங்களா? வேணாம், அடிச்சிருங்க. பாவம், அவ என்ன செய்வா."

"அடிச்சிட்டேன்" என்றான் ஆண்டியப்பன். அடிக்கவில்லை. மறுநாள் காலை அப்படியே தபாலில் போட்டான்.